கோழிக்கு ஒரு பிடி முளை



நாங்கள் சிறுவர்களாக இருந்த காலத்தில் கிழக்கில் ஊர்க்கோழி இல்லாத வீடு அபூர்வம். சுபஹுத் தொழுத கையோடு உம்மா கூட்டைத் திறந்து விடுவார். கோழிகள் வேலியோரம், கிணற்றடி, வாழையடி என்று நாள் முழுவதும் மேயும். புல் நுனியைக் கொத்தும். புழுவையும் கறையானையும் பொறுக்கும். மஃரிபுக்கு முன் தாமாகவே வந்து அடையும். வீட்டிலிருந்து நாம் போட்டது ஒரு சிரட்டை குறுணலும், சட்டியில் மிஞ்சிய சோற்றுப் பருக்கைகளும்தான். மீதித் தீனை வளவே கொடுத்தது.

இன்று அந்த வளவு எங்கே? பெண்பிள்ளைகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பது எமது பகுதியின் வழக்கம். ஒரு வளவு இரண்டாகி, இரண்டு நான்காகி, காத்தான்குடி, சாய்ந்தமருது போன்ற ஊர்களில் மதிலோடு மதில் ஒட்டி நிற்கிறது. கோழியைத் திறந்து விட்டால் அது அடுத்த வீட்டு விறாந்தையில்தான் போய் நிற்கும். அதனால் வரும் மனக்கசப்புகளை நீங்கள் அறிவீர்கள். எனவே முட்டைக்காக நாலைந்து கோழி வளர்க்க விரும்பும் குடும்பங்கள் அவற்றைக் கூட்டிலேயே அடைத்து வைக்கின்றன. அடைபட்ட கோழிக்குப் பச்சை கிடைப்பதில்லை.

இக்குறையைத் தீர்க்க ஒரு நல்ல வழி உண்டு. தானியத்தை வீட்டுக்குள்ளேயே முளைக்க வைத்து, அந்தப் பசும் முளையைக் கோழிக்குக் கொடுப்பது. குசினி மூலையில் இரண்டடி இடம் போதும். செலவும் சொற்பம். ஆனால் இந்த நல்ல வழியோடு ஒரு பொய் வாக்குறுதியும் சேர்ந்து ஊருக்குள் உலவுகிறது. அதை நம்பி நட்டப்பட்டவர்களில் நானும் ஒருவன். ஆகவே முதலில் எனது பிழையைச் சொல்லிவிட்டு, பிறகு செய்முறைக்கு வருகிறேன்.

நாங்கள் விட்ட பிழை

2021ஆம் ஆண்டு இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டதும், அடுத்து வந்த போகங்களில் விளைச்சல் குறைந்ததும், 2022இல் நாடு பட்ட பாடும் உங்களுக்கு நினைவிருக்கும். சோளம் தட்டுப்பாடானது. கோழித் தீனின் விலை ஏறிக்கொண்டே போனது. எத்தனையோ கோழிப் பண்ணைகள் மூடப்பட்டன. 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யும் நிலைக்கு நாடு வந்தது.

அந்த 2022இல் எங்கள் வீட்டுக் கூட்டில் 11 பேட்டுக் கோழிகள் இருந்தன. முட்டை விற்ற காசில்தான் என் வீட்டார் பிள்ளைகளின் கொப்பி, பேனைச் செலவைப் பார்த்து வந்தார். தீன் வாங்க முடியாமல் நாங்கள் திண்டாடிய வேளையில் நண்பர் ஒருவர் சொன்னார்: “ஒரு கிலோ தானியத்த முளைக்க வெச்சா ஒரு கிழமையில ஆறு கிலோ தீன் வரும் மௌலவி. பிறகு ஏன் கடைக்குப் போறீங்க?”

கணக்கு எனக்கு மிகவும் பிடித்துப் போயிற்று. வகுப்பில் மாணவர்களுக்கு விளக்குவதுபோல் வீட்டாருக்கும் விளக்கினேன். கடைத் தீனை அடியோடு நிறுத்தினோம். நெல்லை முளைக்க வைத்து, வளர்ந்த பச்சையை மட்டுமே போட்டோம். முதல் கிழமை கோழிகள் ஓடி ஓடித் தின்றன. தீன்பை புடைத்திருந்தது. எங்களுக்கும் மகிழ்ச்சி.

மூன்றாவது கிழமை நிலைமை மாறியது. நாளொன்றுக்கு 6, 7 என்று கிடைத்த முட்டை 2 ஆகி, பிறகு ஒன்றாகியது. அந்த ஒன்றும் கையில் எடுத்தால் நொறுங்கும் மெல்லிய ஓட்டோடு இருந்தது. பூ வெளிறிப் போனது. தூக்கிப் பார்த்தால் நெஞ்செலும்பு கத்திபோல் கையில் குத்தியது.

பிணி ஏதும் வந்துவிட்டதோ என்று நாங்கள் பேசிக்கொண்டிருக்க, திண்ணையில் இருந்த உம்மா முளைத் தட்டில் ஒரு பிடி அள்ளிக் கையால் பிழிந்து காட்டினார். தண்ணீர் வடிந்தது. “மகன், பாத்தா நாலு கிலோ. பிழிஞ்சு பாருங்க எத்தன கிலோ எண்டு. தண்ணியத் திங்கக் குடுத்துட்டு முட்டையத் தா எண்டு கேட்டா அது எங்க போகும்?”

நான் அதைச் சோதித்துப் பார்த்தேன். ஒரு கிலோ நெல்லில் வளர்ந்த முளை முழுவதையும் பாயில் பரப்பி, சருகாகும்வரை வெயிலில் காய வைத்து நிறுத்தேன். 800 கிராம் சொச்சம்தான் இருந்தது. போட்ட நெல்லைவிடக் குறைவு!

கூடியது தண்ணீர், குறைந்தது தீன்

இதன் காரணத்தைப் பின்னர் மிருக வைத்தியர் ஒருவர் பொறுமையாக விளக்கினார். உலர்ந்த தானியத்தில் நூற்றுக்கு 12 பங்கு அளவே ஈரம் இருக்கும். ஒரு வாரம் வளர்ந்த முளையிலோ நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் ஈரம். நிறை கூடியது தண்ணீரால்தான். விதையோ முளைப்பதற்குத் தன்னிடமுள்ள மாவைத்தான் எரித்துச் சக்தி பெறுகிறது. பச்சை இலை விரிந்து வெளிச்சத்தில் உணவு தயாரிக்கத் தொடங்கச் சில நாட்கள் செல்லும். அதற்குள் சேமிப்பில் ஒரு பகுதி செலவாகிவிடும். ஆகவே எவ்வளவு கவனமாக வளர்த்தாலும் உலர்நிறை கூடாது, குறையத்தான் செய்யும்.

முட்டையிடும் ஒரு பண்ணைக் கோழிக்கு நாளொன்றுக்கு 100 முதல் 120 கிராம் வரை உலர்ந்த தீன் வேண்டும். ஊர்க்கோழி உடல் சிறியது. அதற்குச் சற்றுக் குறைவாகப் போதும். அந்தத் தீனில் நூற்றுக்கு 16, 17 பங்காவது புரதம் இருக்க வேண்டும். நெல்லில் இருப்பதோ 7, 8 பங்குதான். ஓட்டுக்குச் சுண்ணச்சத்து வேறு வேண்டும். நெல் முளையை மட்டும் தின்று இவ்வளவையும் பெறுவதென்றால், கோழியின் தீன்பை இடம் கொடாது. வயிறு நிறையும், உடல் பட்டினி கிடக்கும்.

மேயும் கோழியென்றால் குறைந்ததைத் தேடிப் பொறுக்கிக்கொள்ளும். அடைபட்ட கோழிக்கு நம் கையை விட்டால் வேறு கதியில்லை. பூனையைக் கட்டி வைத்து, தானும் தீனி கொடுக்காமல், அது தானாகத் தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண்ணைப் பற்றிய ஹதீஸை நான் எத்தனையோ தடவை பாடத்தில் விளக்கியிருக்கிறேன். எனது கூட்டைத் திறந்து பார்த்த அன்றுதான் அது என்னைப் பற்றியதும்கூட என்று உறைத்தது.

அப்படியானால் முளை எதற்கு?

முளை சோற்றுக்குப் பதிலாகாது, அது கீரைக்கறி. இந்த ஒரு வசனத்தை மனதில் வைத்துக்கொண்டால் பிழை வராது.

கீரையின் பயன் சிறிதல்ல. முளைக்கும்போது விதையில் சில உயிர்ச்சத்துகள் பெருகுகின்றன. தானியத்தில் கட்டுண்டு கிடக்கும் பொசுபரசு போன்ற தாதுக்கள் அவிழ்ந்து, கோழியின் உடலில் சேரக்கூடிய நிலைக்கு வருகின்றன. வெளிச்சத்தில் பச்சை பிடித்த முளையிலுள்ள நிறச்சத்து முட்டைக்குள் போய் மஞ்சட்கருவை நல்ல நிறமாக்குகிறது. இன்னொரு பயனையும் கண்ணால் காணலாம். கூட்டில் வேலையின்றி அடைபட்டிருக்கும் கோழிகள் ஒன்றையொன்று கொத்தி இறகு பிடுங்கும். முளைத் தட்டை உள்ளே வைத்தால் அவற்றின் கவனம் அதில் போய்விடும்.

இதையும் சொல்லியாக வேண்டும்: உங்கள் கோழிகள் பகலில் புல் தரையில் மேய்வதானால் முளைக்கு அவசியமே இல்லை. வளவில் முருங்கையோ அகத்தியோ நிற்குமானால் அதன் இலையும், கறிக்கு ஆய்ந்து ஒதுக்கும் கீரைத் தண்டுகளும் அதே வேலையைச் செலவில்லாமல் செய்யும். மரமும் இல்லை, மண்ணும் இல்லை என்ற வீடுகளுக்கே இம்முறை மிகவும் உதவும்.

எந்தத் தானியம்?

வெளிநாடுகளில் பெரும்பாலும் பார்லியை முளைக்க வைக்கிறார்கள். அதைத் தேடி நாம் அலைய வேண்டியதில்லை. நமக்கு நெல்லே போதும். சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கம் எல்லா வீடுகளிலும் கைக்கெட்டும் பொருள் அது. அவிக்காத நெல்லாக இருக்க வேண்டும். வெட்டிய புதிதில் நெல் சரியாக முளைக்காது. சில கிழமைகள் வைத்திருந்து எடுங்கள். சோளமும் நன்றாக வளரும். பயறு விரைவில் முளைக்கும், புரதமும் கூடியது. ஆனால் அது நம் பிள்ளைகளின் உணவு. வீட்டுக்கே போதாதபோது கோழிக்கு முளைக்க வைக்காதீர்கள்.

மூன்றைத் தவிர்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, நடுவதற்கென்று கடையில் விற்கும் விதை. அதில் பூச்சி, பூஞ்சண மருந்து பூசப்பட்டிருக்கலாம். சிவப்பு, நீலம் என்று நிறம் பூசிய விதையைத் தொடவே வேண்டாம்.

இரண்டு, இறுங்கு. அதன் தானியம் நல்லது. இளம் முளையிலோ சயனைட்டு நஞ்சைத் தரும் பொருள் உண்டு.

மூன்று, போஞ்சி விதை. பச்சையாகத் தின்றால் அது நஞ்சு.

செய்யும் முறை

பத்துக் கோழி உள்ள ஒரு வீட்டுக்கான அளவைச் சொல்கிறேன். ஒரு லீற்றர் ஐஸ்கிரீம் டப்பா ஐந்தும், துணிப்பைகளும் போதும். சூடாக்கிய ஆணியால் டப்பாக்களின் அடியில் நிறையச் சிறு துளைகள் இடுங்கள். தண்ணீர் தங்கவே கூடாது. தங்கினால் முளை அழுகும். டெங்கு நுளம்புக்கும் வீடு கட்டிக் கொடுத்ததாகிவிடும்.

1. ஒரு தேநீர்க் கோப்பை நெல்லை எடுங்கள். ஏறத்தாழ 100 கிராம் இருக்கும். தண்ணீரில் போட்டுக் கலக்கி, மிதக்கும் பதரை அள்ளி எறிந்துவிட்டு, தெளிந்த தண்ணீர் வரும்வரை கழுவுங்கள்.

2. ஒரு நாள் முழுவதும் ஊறட்டும். இடையில் ஒரு தடவை தண்ணீரை மாற்றுங்கள். சோளத்துக்கு ஓர் இரவு போதும்.

3. ஊறியதைத் துணிப்பையில் கட்டி, நிழலில் தொங்க விடுங்கள். காலையும் மாலையும் பையோடு தண்ணீரில் அமிழ்த்தி எடுத்து வடிய விடுங்கள். இரண்டு நாளில் வெள்ளை முனை எட்டிப் பார்க்கும். விதை நெல்லை ஒரு நாள் ஊறப்போட்டு, இரண்டு நாள் சாக்கில் கட்டி வைப்பது நமது விவசாயிகளின் வழக்கம்தானே. அதே முறைதான் இதுவும்.

4. முளை கண்ட நெல்லை டப்பாவில் பரப்புங்கள். விரல் நகத்தின் அளவு உயரத்துக்கு மேல் வேண்டாம். தடித்துப் போனால் நடுவில் சூடேறிப் புளிக்கும்.

5. டப்பாவை யன்னலோரம் வையுங்கள். வெளிச்சம் படவேண்டும், சுள்ளென்ற வெயில் படக்கூடாது. நாளுக்கு இரண்டு, மூன்று தடவை சுத்தமான தண்ணீர் ஊற்றி, முழுவதும் வடிய விடுங்கள். சுபஹுக்குப் பின் ஒன்று, ளுஹருக்குப் பின் ஒன்று, மஃரிபுக்கு முன் ஒன்று என்று வழக்கப்படுத்தினால் மறக்காது.

6. எறும்பும் எலியும் வரும். டப்பாக்களை வைக்கும் தட்டை உயர வையுங்கள். வலையொன்றால் மூடி விடுங்கள்.

7. டப்பாவில் நாலைந்து நாள் இருந்தால் இரண்டு அங்குல உயரத்துக்குப் பச்சை வளர்ந்து, அடியில் வேர் பின்னிப் பாய்போல் கிடக்கும். அன்றே கொடுத்து விடுங்கள். இன்னும் வளரட்டும் என்று வைத்திருப்பதில் இலாபமில்லை. நமது சூட்டுக்கு அது கெட்டுப்போகவே வழி.

நாளுக்கொரு கோப்பை நெல்லை ஊறப்போட்டு வந்தால், நாளுக்கொரு டப்பா ஒழுங்காகக் கிடைத்துக்கொண்டிருக்கும். ஒழிந்த டப்பாவைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, வெயிலில் நன்றாகக் காய வைத்த பிறகே மறுபடி பாவியுங்கள்.

பூஞ்சணம் கண்டால்

மாரி காலத்தில் எங்கள் வீட்டில் இரண்டாவது பிழையும் நடந்தது. மழை விடாமல் பெய்தது. வெயில் இல்லை, காற்றில்லை. ஒரு டப்பாவில் சாம்பல் நிறத்தில் நூல்போல் ஏதோ படர்ந்து, புளித்த மணமும் அடித்தது. எறிய மனம் வரவில்லை. வீண்விரயம் கூடாதென்று ஊருக்கு உபதேசம் செய்கிறவன் நெல்லை எப்படி எறிவது? கழுவிக் கூட்டுக்குள் போட்டேன். அந்தக் கூட்டில் தாயோடு ஆறு குஞ்சுகள் இருந்தன. சில நாட்களில் அவை வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கத் தொடங்கின. ஆறில் நாலு செத்துப் போயின.

பூஞ்சணத்தின் நுண்ணிய வித்துகள் காற்றோடு சென்று கோழியின் சுவாசப்பையைத் தாக்கும்; குஞ்சுகளுக்கு அது உயிராபத்து. சிலவகைப் பூஞ்சணம் தானியத்திலேயே நஞ்சை உண்டாக்கும். கழுவினாலும் அது போகாது. கெட்டதை உயிருக்குத் தின்னக் கொடுப்பது சிக்கனம் ஆகாது. எனது சிக்கனத்தின் விலை நாலு குஞ்சு. பூஞ்சணம் கண்ட டப்பாவை அப்படியே பசளைக் குழியில் கொட்டி மண்ணால் மூடுங்கள். மழை அடைத்துப் பெய்யும் நாட்களில் முளை போடுவதையே நிறுத்தி வையுங்கள்.

புதிதாகச் செய்பவர்கள் வேரைப் பார்த்துப் பூஞ்சணம் என்று பயப்படுவதும் உண்டு. வேறுபாடு எளிது. இளம் வேரைச் சுற்றி வெள்ளைப் பஞ்சுபோல் தோன்றுவது வேர்மயிர். எல்லா வேரிலும் ஒரேமாதிரி இருக்கும். தண்ணீர் ஊற்றினால் படிந்து மறைந்துவிடும். பூஞ்சணமோ சிலந்தி வலைபோல் விதைக்கு விதை தாவிப் படரும், சாம்பல், கறுப்பு, பச்சை நிறம் காட்டும், கழுவினாலும் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக உங்கள் மூக்கை நம்புங்கள். நல்ல முளை மழை நனைத்த புல்லைப்போல் மணக்கும். புளிப்பு மணம் வந்தால் எறிந்துவிட வேண்டும்.

எவ்வளவு கொடுப்பது?

வளர்ந்த கோழிக்கு நாளுக்கு ஒரு சிறு பிடி போதும். வழக்கமான தீனைக் காலையில் கொடுத்து, அது தின்று முடித்த பின், அஸருக்கு முன்னர் முளையைப் போடுங்கள். முளையை முதலில் போட்டால் அதிலேயே வயிற்றை நிரப்பிக்கொண்டு தீனை ஒதுக்கிவிடும். பாய்போல் பின்னிய வேரைக் கத்தரிக்கோலால் ஓர் அங்குலத் துண்டுகளாக வெட்டிப் போடுங்கள். நீண்ட நார் தீன்பையில் சிக்கி அடைத்துக்கொள்ளும். ஒரு மாதம் நிரம்பாத குஞ்சுகளுக்கு முளை வேண்டாம்.

கோழி அறுத்துத் துப்புரவாக்கும்போது ஒரு தடித்த தசைப்பையைப் பிளந்து, உள்ளே இருக்கும் சிறு கற்களைக் கொட்டுகிறோமல்லவா? கோழிக்குப் பல் அதுதான். அடைபட்ட கோழிக்குக் கல் பொறுக்க வழியில்லை. எனவே ஒரு சிரட்டையில் பருமணல் வையுங்கள். இன்னொரு சிரட்டையில் இடித்த சிப்பி ஓடு வையுங்கள். அது கிடைக்காவிட்டால், முட்டைக் கோதைக் காய வைத்து, சட்டியில் வறுத்து இடித்து வைக்கலாம். முட்டை ஓடு உறுதியாவது இதனால்தான்.

கடைத் தீன் முழுவதும் வாங்க முடியாதவர்கள் அதில் ஒரு பகுதியைக் குறைத்து, குறுணல், தவிடு, தேங்காய்ப் புண்ணாக்கு, உப்புப் போகக் கழுவிக் காய வைத்து இடித்த கருவாட்டுத் தலை ஆகியவற்றைச் சேர்க்கலாம். புண்ணாக்கிலும் பூஞ்சணம் பிடிக்கும், பார்த்து வாங்குங்கள். முளையைக் கையாண்ட பின்னும், கூட்டைத் துப்புரவாக்கிய பின்னும் பிள்ளைகளைச் சவர்க்காரத்தால் கை கழுவ வையுங்கள். கோழிகள் சோர்ந்து நின்றால், முளையை மருந்தென்று நம்பிக் காத்திராமல் உங்கள் பிரதேச மிருக வைத்திய அலுவலகத்துக்குச் சென்று கேளுங்கள்.

மாதம் மூன்று கிலோ நெல்

பத்துக் கோழிக்கு நாளுக்கு 100 கிராம் என்றால் மாதத்துக்கு மூன்று கிலோ நெல். செலவு அவ்வளவுதான். அதனால் உங்கள் தீன் செலவு பாதியாகக் குறையும் என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்ன கணக்கினால்தான் எங்கள் வீட்டில் இரண்டு மாதம் முட்டை இல்லாமல் போனது. பிள்ளைகளின் கொப்பிக் காசும் போனது. மறுபடி ஒழுங்கான தீன் கொடுக்கத் தொடங்கி, கோழிகள் தேறி, கூட்டில் முட்டை காணப் பல கிழமைகள் சென்றன.

இன்று எங்கள் வீட்டில் தீனும் உண்டு, முளையும் உண்டு. கடைத் தீனில் கொஞ்சம், குறுணலும் புண்ணாக்கும் கொஞ்சம், அஸருக்கு முன் ஒரு பிடி பச்சை. முட்டையை உடைத்தால் மஞ்சட்கரு நாங்கள் சிறுவயதில் கண்ட அதே நிறத்தில் இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். குசினி யன்னலில் ஐந்து டப்பாக்கள் வரிசையாகப் பச்சை பிடித்து நிற்கின்றன. தண்ணீர் ஊற்றுவது சின்ன மகளின் பொறுப்பு. உம்மா மட்டும் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்துப் பிழிந்து பார்த்துவிட்டு, என்னைப் பார்த்துச் சிரிப்பார்.

நீங்களும் ஒரு கோப்பை நெல்லோடு தொடங்கிப் பாருங்கள். தீனை மட்டும் நிறுத்தி விடாதீர்கள்.